தோட்டத்துக் கேள்வி பதில்: கோடையில் காய்ந்த சாடிக் கன்றுகள்

கேள்வி: விசுவமடுவில் உள்ள எங்கள் பூர்வீகக் காணியில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் சென்ற ஆண்டு அடித்த காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. அதற்கு முன்னரே அதன் கொப்பொன்றை எடுத்து என் அண்ணா ஒட்டித் தந்த கன்று ஒன்றுதான் அந்த மரத்தின் மிச்சமாக எங்களிடம் இருக்கிறது. கிளிநொச்சியில் வாடகை வீட்டில் இருப்பதால், நீலப் பிளாஸ்ரிக் பரலொன்றை இரண்டாக வெட்டி, சீமெந்து முற்றத்தில் வைத்து அதில் கன்றை வளர்த்து வந்தேன். நான்கடி உயரம் வந்திருந்தது. அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக ஆடி மாதத்தில் நான்கு வாரம் யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது நுனிக் கொப்புகளின் இலைகள் மண்ணிறமாகக் காய்ந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தன. கீழ்க் கொப்புகளின் இலைகள் உதிர்ந்து கிடந்தன. அன்றிலிருந்து பத்து நாட்களாக நாளுக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். மூன்று நாட்களுக்கு முன்னர் ஒரு பிடி யூரியாவும் போட்டேன். இன்னும் ஒரு துளிரும் வரவில்லை. இந்தக் கன்று பிழைக்குமா?
வாசகி, கிளிநொச்சி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த செய்தி கீழ்க் கொப்புகளின் இலைகள் உதிர்ந்து கிடந்தன என்பதுதான். இலை தானாக உதிர வேண்டுமானால் அதன் காம்படியில் மெல்லிய பிரிபடை ஒன்று உருவாக வேண்டும். அதை உருவாக்க உயிருள்ள கொப்பினால் மட்டுமே முடியும். செத்த கொப்பு தன் இலையைக் கைவிடாது, காய்ந்தபடியே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் கன்றின் நுனி போயிருக்கக்கூடும், ஆனால் அதன் கீழ்ப்பகுதி நீங்கள் இல்லாத அந்த நான்கு வாரத்தில் தன் இலைச் சுமையைத் தானே இறக்கிவைத்து உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதை நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாண் கீழாக, கூரிய கத்தி முனையால் பட்டையை ஒரு நெல்மணி அளவுக்கு மட்டும் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. மண்ணிறமாக உலர்ந்திருந்தால் அந்த இடம் முடிந்துவிட்டது. பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். அந்த இடம் ஒட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதே உங்கள் கேள்விக்கான விடை; ஒட்டுக்குக் கீழே இருப்பது வேரோடு நிற்கும் வேறொரு மாங்கன்றின் அடிக்கட்டை, மேலே இருப்பதே உங்கள் மரத்தின் கொப்பு. ஒட்டுக்கு மேல் நான்கு விரல் அளவு பச்சை இருந்தாலும் உங்கள் விசுவமடு மரம் இன்னும் உங்களிடம் இருக்கிறது. நூல் கட்டிய இடத்துக்கு மேலே உள்ளதை இப்போதே வெட்டிவிட வேண்டாம். துளிர் வந்த பின்னர் எதுவரை உயிர் இருக்கிறது என்பதைக் கன்றே காட்டும். அதுவரை அந்தக் காய்ந்த கொப்புகளும் தண்டுக்குச் சிறிது நிழல் தரட்டும்.

இனி நீங்கள் பத்து நாட்களாகச் செய்து வருவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்பினால் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் காய்ந்த கன்றுக்குத் தாகம் கூடுதலாக இருக்கும் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். தண்ணீரை உறிஞ்சுவது தலைமயிரைவிட மெல்லிய வேர் நுனிகள். வறட்சியில் முதலில் சாவதும் அவைதான். அத்தோடு, தண்டினுள் வேரிலிருந்து இலைவரை அறுபடாமல் நிற்கும் நீர்த்தாரை, மண்ணில் ஈரம் இல்லாதபோது இடையில் அறுந்து அவ்விடத்தில் காற்று புகுந்துவிடும். அந்த நுண்குழாய்கள் பின்னர் இலகுவில் தண்ணீரைக் கடத்த மாட்டா. தண்ணீர் ஊற்றிய பின்னரும் நுனி காய்ந்துகொண்டே போவதற்கு அதுவே காரணம். வேரும் குறைந்து, இலையும் இல்லாமல் நிற்கும் கன்று, நல்லாயிருந்த காலத்தில் குடித்ததில் ஒரு பங்கைத்தான் இப்போது குடிக்கும். மிகுதித் தண்ணீர் பரலுக்குள் தேங்கி, எஞ்சிய வேர்களுக்குக் காற்று கிடைக்காமல் செய்து அவற்றையும் அழுகச் செய்யும். நான் விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், கோடையில் செத்துப்போன சாடிக் கன்றுகளைக் கவிழ்த்து வேரைப் பார்ப்பது என் வழக்கம். வறட்சியில் செத்தது என்று வீட்டார் சொன்ன பல கன்றுகளின் வேர்கள் கறுத்து, தோல் கழன்று, அழுகல் மணத்தோடு வந்தன. அவை வறட்சியைத் தாண்டி வந்து, அதற்குப் பின்னர் கிடைத்த தண்ணீரில் செத்தவை.

அதைவிட அவசரமானது யூரியா. உரமும் ஒருவகை உப்புப் போலவே மண்ணீரில் கரைந்து, வேருக்குப் போக வேண்டிய நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். இலையே இல்லாத கன்றுக்கு அந்தத் தழைச்சத்தினால் பயனும் இல்லை. மண்மேல் இன்னும் குருணிகள் தெரிந்தால் பொறுக்கி எடுங்கள். பிறகு ஒரே ஒரு தடவை, காலையில், பரலின் அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்த்துவிட்டு, தெளிந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் வழிந்தோட விடுங்கள். நான்கைந்து வாளியாவது ஓடி வெளியேறட்டும். அதற்குப் பின்னர் அடுத்த தண்ணீர், மண் கேட்கும்போதுதான்.

அதை அறிய ஒரு மூங்கில் சலாகை போதும். அதை மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்துக்குச் செருகி, சற்றுநேரம் விட்டு வெளியே எடுங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். சலாகை உலர்ந்து வந்தால் ஊற்றுங்கள். மேல்மண் இரண்டு விரல் ஆழத்துக்கு உலர்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிளிநொச்சி வெயிலில் காலையில் ஊற்றிய மேல்மண் பின்னேரமே உலர்ந்துவிடும், ஆனால் கீழே சேறாக இருக்கும். இதற்கு நேர்மாறான ஒன்றும் நடப்பதுண்டு. நன்றாகக் காய்ந்த மண் சுருங்கிப் பரலின் சுவரிலிருந்து விலகி நிற்கும்போது, ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கால் ஓடி அடியால் வெளியேறிவிடும்; வேர் இருக்கும் நடுமண் தூள்போல உலர்ந்தே கிடக்கும். உங்கள் பரலில் அப்படி இடுக்கு இருந்தால் கூட்டெருவும் மணலும் கலந்து அதை நிரப்பி, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் ஒரு செம்பு ஊற்றிக் கால் மணிநேரம் விட்டு அடுத்த செம்பை ஊற்றுங்கள். சிறிய சாடியானால் அகன்ற பாத்திரத் தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து எடுத்துவிடலாம். ஏறத்தாழ 100 லீற்றர் கொள்ளும் அரைப் பரலை அப்படித் தூக்க முடியாது.

வெயிலைப் பற்றியும் யோசியுங்கள், ஏனென்றால் நிலத்தில் நிற்கும் மரத்துக்கு இல்லாத ஓர் ஆபத்து பரலில் நிற்கும் மரத்துக்கு உண்டு. வன்னிக் காட்டில் பாலையும் வீரையும் மாதக்கணக்கில் மழை காணாமலும் இலை வாடாது நிற்பது நாம் பார்த்து வளர்ந்த காட்சி. அவற்றின் வேர் கீழே குளிர்ந்த மண்ணைத் தேடிப் போய்விடும். உங்கள் மாங்கன்றின் வேருக்கு அந்த வழி இல்லை. பின்னேர வெயில் நேராக விழும் பிளாஸ்ரிக் சுவரோரத்தில் மண்ணின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் அப்பக்கத்து மெல்லிய வேர்கள் வெந்துபோகும். ஆகவே மேற்குப் பக்கமாக நான்கு தடி நட்டு ஒரு கிடுகு மறைப்புக் கட்டுங்கள். காலை வெயில் படட்டும். பரலைச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டி, அடியில் மூன்று கல்லை வைத்துச் சீமெந்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். இலை இழந்து வெறுமையாக நிற்கும் தண்டுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசினால் பட்டை வெயிலில் வெடிக்காது. தண்ணீர் விடும் நேரமும் முக்கியம்: நண்பகலில் கறுப்புத் தாங்கியிலிருந்து குழாய்வழி வரும் முதல் தண்ணீர் கையையே சுடும்; அதை வேருக்கு ஊற்றக்கூடாது.

மண்ணின் மேல் நான்கு விரல் தடிப்பில் மூடாக்கு இடுங்கள். வைக்கல், தென்னந்தும்பு, கச்சான் கோது எதுவானாலும் சரி. சோளகத்தோடும் கச்சான் காற்றோடும் வரும் வறட்சிக்குக் கச்சான் கோதே காவல் இருப்பது எங்கள் ஊர்ச் சொல்லில் அமைந்த ஒரு பொருத்தம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மூடாக்குத் தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் விலகி இருக்க வேண்டும். தளர்ந்த கன்றைக் கறையான் தேடி வரும், ஆகவே வாரமொரு தடவை மூடாக்கைக் கிளறிப் பாருங்கள்.

அதன்பிறகு காத்திருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று நான் அறிவேன். கன்று முதலில் வேரைத்தான் மீட்கும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. மாவுக்கு ஆறு அல்லது எட்டு வாரம்கூட எடுக்கலாம். இடையில் மண்ணை மாற்றுவது, வேறு சாடிக்கு மாற்றுவது, உரம் போடுவது எதுவும் வேண்டாம். செம்பு நிறத்தில் வரும் முதற் துளிர் பச்சையாகி முற்றிய பின்னர், நன்றாக உக்கிய மாட்டெரு இரண்டு கைப்பிடி போடத் தொடங்குங்கள். வறட்சி கண்ட மா அடுத்த தை, மாசியில் பூக்க முயலும். அந்தப் பூவைக் கிள்ளிவிடுங்கள். காய் தாங்கும் பலம் இவ்வாண்டு அதற்கு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தாய்மரம் இல்லாத நிலையில் ஒரே கன்றை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சம்மதமில்லை. இந்த மாரியிலேயே ஊர் மாங்கொட்டைகள் நான்கைந்தைப் பையில் போட்டு முளைக்க வையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் கன்று தேறி, பென்சில் தடிப்பில் முற்றிய கொப்புகள் வந்ததும், வெட்டுவதற்கு ஒரு கிழமை, பத்து நாட்களுக்கு முன்னர் அவற்றின் இலையைக் காம்பு விட்டு நறுக்கிவிட்டு, அண்ணாவைக் கொண்டு அந்த நாற்றுகளில் ஆப்பு முறையில் ஒட்டச் சொல்லுங்கள். ஒன்று உங்களிடமும் மற்றவை விசுவமடுக் காணியிலும் நிற்கட்டும். பரலில் இருப்பதையும் பரலிலேயே வைத்திருக்க வேண்டாம். கார்த்திகைக்குள் ஒரு துளிர்த்தொகுதி முற்றியிருந்தால் இந்த மாரியிலேயே, இல்லாவிட்டால் அடுத்த மாரியின் முதல் மழையோடு, மூன்றடிக் குழியில் அதைக் காணியில் நட்டுவிடுங்கள். நடும்போது பரலின் வடிவத்துக்கே வட்டமாகச் சுற்றிய வேர்கள் இருந்தால் அவற்றை வெட்டி விரித்துவிட வேண்டும்.

கேள்வி: வவுனியாவில் எங்கள் வீட்டு வாசலில் சாடியில் நிற்கும் தேசிக்கன்றுக்கு நாள் தவறாமல் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் இலை விளிம்புகள் தீய்ந்து, கன்று தண்ணீர் காணாததுபோல வாடுகிறது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. இது நோயா?
வாசகர், வவுனியா

பதில்: இது நோயன்று, ஈரமண்ணில் நின்றுகொண்டே உங்கள் கன்று படும் வறட்சி. அந்த வெள்ளைப் படிவு குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வந்த உப்பும் சுண்ணமும் ஆகும். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் படிவதும் இந்தச் சுண்ணமே. ஒவ்வொரு நாளும் சிறிதளவு தண்ணீர் ஊற்றும்போது, தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு சாடியிலேயே தங்கும். மழை கண்ட நிலத்தில் அது கழுவப்பட்டுக் கீழே போய்விடும்; சாடியில் போக இடமில்லை. உப்பு கூடிய மண்ணிலிருந்து வேரினால் நீரை இழுக்க முடியாது. அதனால் நீங்கள் கூடக்கூட ஊற்றியும் கன்று தாகத்தில் நிற்கிறது. தேசி உவருக்கு மிகவும் நொந்துபோகும் மரம்; கொய்யாவோ மாதுளையோ இதே தண்ணீரை இன்னும் சில காலம் பொறுத்திருக்கும்.

மேலே படிந்த வெள்ளை மண்ணை ஒரு விரல் ஆழத்துக்குச் சுரண்டி அப்புறப்படுத்திவிட்டுப் புதிய மண்ணும் கூட்டெருவும் இடுங்கள். அயலில் திறந்த கிணறோ குளமோ நல்ல தண்ணீரோடு இருந்தால் சாடியின் கொள்ளளவைப்போல இரு மடங்கு தண்ணீரை ஒரே காலையில் மெதுவாக ஊற்றி அடியால் ஓடவிடுங்கள். சாடியின் கீழ்த் தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய உப்பு மீண்டும் மேலேறும். அதன்பிறகு நாள்தோறும் ஒரு குவளை என்ற பழக்கத்தை விட்டு, சலாகையால் பார்த்து, ஊற்றும் நாளில் அடித்துளையால் சிறிது வழியுமளவுக்கு ஊற்றுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கியதும் கூரைத் தண்ணீரைப் பிடித்து மூடிய பரல்களில் சேமியுங்கள். ஒரு சாடித் தேசிக்கு நான்கைந்து பரல் மழைத்தண்ணீர் கோடையின் பெரும்பகுதிக்குக் காணும். முதல் மழையில் கூரைத் தூசியைக் கழுவிப் போகவிட்ட பின்னரே பிடிக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: காய்ந்துபோனது என்று நினைத்த என் ஒட்டுத் தோடை அடியிலிருந்து செழிப்பாகத் துளிர்த்திருக்கிறது. ஆனால் இலைகள் முன்பிருந்ததைப்போல இல்லை. முள்ளும் கூடுதலாக இருக்கிறது. வளர விடலாமா?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: துளிர் வந்த இடம் ஒட்டு முடிச்சுக்குக் கீழே என்றால் அது அடிக்கட்டையின் துளிர், நீங்கள் வாங்கிய தோடை அதில் இல்லை. முடிச்சுக்கு மேலே சுரண்டிப் பாருங்கள். பச்சை இருந்தால் கீழ்த் துளிர்களில் ஒன்றை மட்டும் ஓரிரு வாரம் வேரை ஊட்ட விட்டுவிட்டு, மேலே துளிர் கண்டவுடன் அதையும் அடியோடு நீக்குங்கள். மேலே முழுவதும் காய்ந்திருந்தால் வருந்த வேண்டாம், உங்களிடம் வேரூன்றிய நல்ல அடிக்கட்டை ஒன்று இருக்கிறது. அதன் பலமான துளிர் ஒன்றை மட்டும் வைத்து வளர்த்து, பென்சில் தடிப்பு வந்ததும், ஒட்டத் தெரிந்தவரைக் கொண்டு நல்ல தோடை மொட்டொன்றைப் பதித்துக்கொள்ளலாம். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் அப்படிப்பட்டவரைக் காட்டித் தருவார்கள்.

கேள்வி: பாடசாலையில் மாணவர்கள் பொலித்தீன் பைகளில் வேம்பும் மருதும் புளியும் அறுபது கன்றுகள் வளர்த்தார்கள். தவணை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது பாதிக்கு மேல் வாடிக் கிடந்தன. பிள்ளைகள் மனம் உடைந்துவிட்டார்கள். எதைக் காப்பாற்றலாம், அடுத்த விடுமுறைக்கு என்ன செய்யலாம்?
ஆசிரியர், மாங்குளம்

பதில்: ஐயா, முதலில் பிள்ளைகளிடமே சுரண்டிப் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். பச்சை தெரியும் கன்றுகளை ஒரு பக்கமாக வைக்கச் சொல்லுங்கள்; எறிந்துவிட நினைத்த கன்றுகளில் எத்தனை அந்தப் பக்கம் வந்து சேர்கின்றன என்பதை அவர்களே எண்ணட்டும். வேம்பும் புளியும் அடியில் உயிரை வைத்திருக்கும் மரங்கள், ஆகவே தலை காய்ந்திருந்தாலும் அடியில் பச்சை கண்டால் நம்பலாம். மருது ஆற்றங்கரை மரம். வறட்சியில் அதுதான் உங்களுக்குக் கூடுதலாகப் போயிருக்கும். பச்சை தெரிவனவற்றைப் பையோடு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி எடுத்து, நிழலில் வைத்து, அதன்பின் மண் உலர்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு முன்னர் ஒரு மரநிழலில், பை உயரத்துக்குச் சற்று ஆழம் குறைவான அகன்ற பள்ளம் ஒன்றை வெட்டி, அடியில் மணல் பரப்பி, பைகளை ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தி, இடைவெளிகளையும் மணலால் நிரப்புங்கள். தனித்தனியே வெயிலில் நிற்கும் பை நாலா பக்கமும் சூடேறும். கூட்டமாக நிற்கும்போது வெளிவரிசை மட்டுமே சூட்டைத் தாங்கும். அந்த வெளிவரிசையில் வேம்பை நிறுத்தி மருதை நடுவில் வையுங்கள். பள்ளத்தின் நடுவே அடியில் ஊசித்துளையிட்ட இரண்டு மூன்று மண்குடங்களைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவிட்டால், சுற்றியுள்ள மணல் மெல்ல மெல்ல நனைந்துகொண்டேயிருக்கும். அயலில் இருக்கும் ஒரு மாணவர் மூன்று நாளைக்கொரு தடவை வந்து குடங்களை நிரப்பினால் போதுமானது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஈரமணலில் நீண்ட நாள் நின்ற பையின் அடித்துளையால் வேர் வெளியே இறங்கிவிடும். பாடசாலை திறந்த முதல் நாளே ஒவ்வொரு பையையும் மெல்ல அசைத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மணலைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும் கன்றைப் பிடுங்காமல், வெளியே வந்த வேரைக் கத்தரித்து, இரண்டு கிழமை நிழலிலேயே வைத்திருந்து பின்னர் நடலாம்.